கசாக்கு: ஒரு பெயரின் பொருள்மாற்றமும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

1833ஆம் ஆண்டில் புஷ்கின் ஓரன்பூர்க், ஊரால்ஸ்க் பகுதிகளுக்குச் சென்று, அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் அங்கு எழுந்த பெருங்கிளர்ச்சியை நேரில் கண்ட முதியோரிடம் செய்திகள் திரட்டினார். அவற்றையும் அரசு ஆவணங்களையும் அடிப்படையாகக் கொண்டு தாம் எழுதிய நூலுக்கு அவர் 'புகச்சோவின் வரலாறு' என்று பெயரிட்டார். கையெழுத்துப் படியைப் பார்வையிட்ட பேரரசர் முதலாம் நிக்கோலாய் அதனைப் 'புகச்சோவ் கலகத்தின் வரலாறு' என்று மாற்றினார். 1834ஆம் ஆண்டில் நூல் அப்பெயருடனேயே வெளிவந்தது. நூலின் உள்ளடக்கம் இதனால் மாறிவிடவில்லை. ஆயினும் எமெல்யான் புகச்சோவ் என்ற டான் கசாக்கு, தனக்கென ஒரு வரலாறு உடையவன் என்ற நிலையை இழந்து, அடக்கப்பட்ட ஒரு கலகத்தின் அடைமொழியாகச் சுருங்கினான்.

பெயரிடும் உரிமை யாருக்கு உரியது என்னும் வினா கசாக்குகளின் வரலாறு முழுவதிலும் தொடர்கிறது. 'கசாக்கு' என்பது ஓர் இனத்தின் பெயரா, ஒரு தொழிலின் பெயரா, அரசு வகுத்த ஒரு சமூகப் படிநிலையின் பெயரா என்பதற்கு ஒவ்வொரு காலமும் வெவ்வேறு விடை தந்துள்ளது. இச்சொல்லின் பொருள்மாற்றத்தை ரஷ்யப் பேரரசின் வரலாற்றோடும், அச்சொல்லைக் கையாண்ட இலக்கியங்களோடும் இணைத்து நோக்கி, அதனால் மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் சிக்கல்களை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொல்லும் அதன் வடிவங்களும்

இச்சொல்லின் மூலம் துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது. 'கசக்' என்னும் மூலவடிவம், தன் குலத்தையோ தலைவனையோ விட்டுப் பிரிந்து தனித்துத் திரிபவன், எவருக்கும் கட்டுப்படாதவன் என்னும் பொருள்களைத் தந்தது. பதினான்காம் நூற்றாண்டைச் சார்ந்த குமானிய மொழிச் சொற்கோவையில் இது காவல் என்னும் பொருளில் இடம்பெற்றுள்ளது. பாபர் சகத்தாய்த் துருக்கியில் எழுதிய தன்வரலாற்றில், நாடிழந்து சிறு படையோடு அலைந்த தம் இளமைக்காலத்தைக் குறிக்க இச்சொல்லின் அடியாகப் பிறந்த 'கசக்லிக்' என்ற சொல்லையே கையாளுகிறார். பாரசீகத்தின் வழி உருது, இந்தி மொழிகளுக்கு வந்த 'கஸ்ஸாக்' என்னும் சொல்லுக்கோ கொள்ளைக்காரன் என்பது பொருளாயிற்று. கட்டற்று வாழ்பவனைத் தலைவன், காவலன், கள்வன் என மூவகையாகக் காணும் பார்வைகள் அனைத்தும் இவ்வொரு சொல்லில் அடங்கியிருந்தன என்பது கருதத்தக்கது.

ரஷ்ய மொழியில் இச்சொல் 'கசாக்' என அகரம் பெற்றும், உக்ரேனிய மொழியிலும் போலிஷ் மொழியிலும் 'கொசாக்' என ஒகரம் பெற்றும் வழங்குகிறது. பொதுநிலை ரஷ்யத்தில் அழுத்தம் பெறாத ஒகரம் அகரமாக ஒலிக்கும். உக்ரேனியத்தில் அவ்வாறு ஒலிப்பதில்லை. இன்றைய நிலையில் இந்த ஓர் உயிரொலி, பேசப்படுவோர் டான் ஆற்றங்கரையினரா தினீப்பர் ஆற்றங்கரையினரா என்பதையும் உணர்த்திவிடுகிறது.

மத்திய ஆசியாவின் கசாக் மக்களின் பெயரும் இதே மூலத்தினின்று பிறந்ததே. பேரரசுக் காலத்தில் இவ்விரு பெயர்களும் மயங்காதிருக்கும் பொருட்டு ரஷ்ய ஆட்சியாளர் அம்மக்களைக் 'கிர்கிஸ்' என்றும் 'கிர்கிஸ்-கைசாக்' என்றும் அழைத்தனர். தம் பெயரை அம்மக்கள் ஆட்சிவழக்கில் மீளப் பெற்றது 1925ஆம் ஆண்டிலாகும். 1936ஆம் ஆண்டில் ரஷ்ய எழுத்துமுறையில் அப்பெயரின் இறுதி வல்லெழுத்து உரசொலியாக மாற்றப்பட்டது. இரு பெரும் மக்கட்கூட்டங்களின் பெயர்களை ஓர் ஈற்றெழுத்தே இன்று வேறுபடுத்துகிறது.

3. குழுவிலிருந்து படைக்குடிக்கு

ரஷ்ய ஆண்டுக்குறிப்புகளில் 1444ஆம் ஆண்டுச் செய்தி ஒன்றில் ரியாசான் பகுதிக் கசாக்குகள் குறிக்கப்படுகின்றனர். பதினாறாம் நூற்றாண்டில் டான், தெரெக், யாயிக், தினீப்பர் ஆறுகளின் கரைகளில் கசாக்குக் குழுக்கள் நிலைகொண்டன. பண்ணையடிமை முறை இறுகியபொழுது நிலவுடைமையாளரிடமிருந்து தப்பியோடிய உழவர், கடனாளிகள், சமயக் கொடுமைக்கு அஞ்சியோர், தாத்தாரியக் குதிரைவீரர் முதலிய பலரும் இவற்றில் சேர்ந்தனர். டானுக்கு வந்தவரைத் திருப்பி ஒப்படைப்பதில்லை என்பது அங்கு வழங்கிய நெறியாகும்.

இக்குழுக்களின் ஆட்சிச் சொற்கள் அவற்றின் கலப்புத் தன்மைக்குச் சான்று பகர்கின்றன. டான் பகுதியில் அனைவரும் கூடி முடிவெடுக்கும் அவை 'க்ரூக்' எனப்பட்டது. வட்டம் என்பது இதன் பொருள். தினீப்பரில் அதற்கு இணையான அவை 'ராடா' எனப்பட்டது. இது ஜெர்மானிய மூலத்தினின்று போலிஷ் வழியாக வந்தது. 'ஹெத்மான்' என்னும் தலைமைப் பதவியின் பெயரும் அவ்வழி வந்ததே. 'எசாவூல்' என்ற அலுவலர் பெயர் துருக்கியச் சொல்லாகும். ஆற்றின் நீர்வீழ்ச்சிப் பாறைகளுக்கு அப்பால் வாழ்ந்தமையால் தினீப்பர்க் கசாக்குகளின் நாடு 'சபரோஷியே' எனப்பெயர் பெற்றது. மரங்களை வெட்டி அமைத்த அரணாகிய அவர்தம் பாசறை 'சீச்' எனப்பட்டது. இது வெட்டுதல் என்னும் ஸ்லாவிய வினையடியிலிருந்து வந்ததாகும்.

மாஸ்கோ அரசு இக்குழுக்களை ஒரேயடியாக அடக்கவில்லை; முதலில் பயன்படுத்திக்கொண்டது. நான்காம் இவான் 1570ஆம் ஆண்டில் டான் கசாக்குகளுக்கு விடுத்த மடலையே டான் படையினர் பிற்காலத்தில் தம் தோற்றத்தின் சான்றாகக் கொண்டனர். தடையற்ற மக்களின் பிறப்புச் சான்றிதழாக அரசனின் மடல் அமைந்தது வரலாற்றின் முரணாகும். 1582இல் யெர்மாக் தலைமையில் சைபீரிய கானின் தலைநகரைக் கைப்பற்றியோரும், 1637இல் துருக்கியரின் அசோவ் கோட்டையைப் பிடித்து 1642 வரை வைத்திருந்தோரும் கசாக்குகளே. அவர்களுக்கு மாஸ்கோ தானியமும் வெடிமருந்தும் அனுப்பியது.

இவ்வுறவின் மறுபக்கம் கிளர்ச்சியாகும். 1670-71இல் ஸ்தெப்பான் ராசினும், 1707-08இல் கொன்த்ராத்தி புலாவினும், 1773-75இல் புகச்சோவும் தலைமையேற்ற பெருங்கிளர்ச்சிகள் கசாக்கு நிலத்திலேயே தோன்றின. ராசினைப் பிடித்து மாஸ்கோவிடம் ஒப்படைத்தோர் டான் கசாக்குகளின் மூத்தோரே. ஒப்படைப்பதில்லை என்ற நெறி 1671இல் உள்ளிருந்தே உடைந்தது. அதே ஆண்டில் டான் படை ஜார் மன்னனுக்கு விசுவாசப் பிரமாணம் செய்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் குழு படிப்படியாக நிறுவனமாக்கப்பட்டது. 1721இல் டான் படை போர்த்துறைக் கல்லூரி எனப்பட்ட அரசுத் துறையின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த 'அத்தமான்' என்னும் தலைவர், நாளடைவில் அரசால் அமர்த்தப்படும் அலுவலரானார். புகச்சோவ் 1775இல் தலைவெட்டப்பட்ட பின்னர், அவன் பிறந்த சிமவேய்ஸ்கயா ஊர் இடம் மாற்றப்பட்டுப் பத்யோம்கின்ஸ்கயா என்ற புதுப்பெயர் பெற்றது. கிளர்ச்சி தோன்றிய யாயிக் ஆற்றுக்கு ஊரால் என்ற பெயர் சூட்டப்பட்டது. அதனால் யாயிக் கசாக்குகள் ஊரால் கசாக்குகள் ஆயினர். அவ்வாண்டிலேயே சபரோஷிய சீச்சும் அழிக்கப்பட்டது. நினைவை அழிக்கப் பெயரை அழித்தல் ஆட்சியின் கருவியாகப் பயன்பட்டதற்கு இவை தெளிந்த சான்றுகளாம்.

1798இல் கசாக்குப் படை அலுவலரின் பதவிகள் பேரரசுப் படையின் பதவிகளோடு சமமாக்கப்பட்டன. இதனால் மூத்தோர் பிரபுக்களாயினர்; சமத்துவக் குழுவினுள் பிறப்புவழி மேன்மக்கள் தோன்றினர். 1827இல் பட்டத்து இளவரசர் கசாக்குப் படைகள் அனைத்திற்கும் அத்தமானாக அறிவிக்கப்பட்டார். 1835ஆம் ஆண்டின் டான் படைச் சட்டம் கசாக்குகளைப் பிறரால் எளிதில் நுழைய இயலாத மூடிய படைக்குடியாக வரையறுத்தது. வயது வந்த ஆண் ஒருவருக்கு 30 தெஸ்யாத்தீன் நிலம், அதாவது ஏறத்தாழ 33 ஹெக்டேர், என்பது அச்சட்டம் வகுத்த அளவாகும். அதற்கு ஈடாக அவர் தம் செலவிலேயே குதிரையும் சீருடையும் வாளும் கொண்டு நெடுங்காலம் படைப்பணி புரியவேண்டும். மக்கட்தொகை பெருக நிலம் குறைந்தது. குதிரையின் விலையோ குறையவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் 11 கசாக்குப் படைப்பிரிவுகளும் ஏறத்தாழ 44 இலட்சம் கசாக்கு மக்களும் இருந்தனர். 1905ஆம் ஆண்டுப் புரட்சியின்போது நகரத் தெருக்களில் தொழிலாளர்மீது சாட்டை வீசியோரும் இவர்களே. தப்பியோடியோரின் பெயராகத் தோன்றிய சொல், தப்பியோடுவோரை அடக்குவோரின் பெயராக முடிந்தது.

4. இலக்கியத்தில் கசாக்குகள்

இலக்கியம் இப்பொருள்மாற்றத்தைக் காலவரிசையில் பின்பற்றவில்லை. அரசு கசாக்குகளைச் சட்டத்தால் மூடிய அதே 1835ஆம் ஆண்டில் கோகோலின் 'தராஸ் புல்பா' வெளிவந்தது. அதில் காணப்படுவது அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அழிக்கப்பட்ட சீச். நடப்பில் இல்லாத சுதந்திரம் இலக்கியத்தில் பெருகியது எனலாம். இக்கதையின் விரிவாக்கப்பட்ட இரண்டாம் வடிவம் 1842இல் வந்தது. தினீப்பர்க் கசாக்குகளை ரஷ்ய மண்ணின் ஆற்றலாகவும், எதிர்காலத்தில் தோன்றவிருக்கும் வைதிகக் கிறித்தவ ஜாரின் முன்னோடிகளாகவும் காணும் பகுதிகள் இவ்வடிவத்திற்கே உரியன. எனவே 'தராஸ் புல்பா' என்று மட்டும் கூறிப் பதிப்பைச் சுட்டாத ஒரு மொழிபெயர்ப்பு, எந்தக் கசாக்குகளைத் தருகிறது என்பதைக் கூறாமலே விடுகிறது.

டால்ஸ்டாய் 1851இல் தெரெக் ஆற்றங்கரையிலுள்ள ஸ்தாரொக்லாத்கோவ்ஸ்கயா ஊருக்குச் சென்று தங்கினார். அவ்வனுபவத்தினின்று தோன்றிய 'கசாக்குகள்' 1863இல் வெளிவந்தது. இதன் மாந்தர் கிரெபென் கசாக்குகள். சமயத்தால் பழைய நெறியினர். மலைவாழ் மக்களோடு போரிட்டவர். அவர்களோடு மணவுறவும் கொண்டவர். தம் வீட்டில் தங்கவைக்கப்பட்ட ரஷ்யப் படைவீரனைவிடத் தம் எதிரியாகிய மலைவாழ் வீரனையே இவர்கள் மதித்தனர் என்று டால்ஸ்டாய் காட்டுகிறார். 'குனாக்', 'ஜிகித்' முதலிய துருக்கியச் சொற்கள் இவர்களின் பேச்சில் இயல்பாக வருகின்றன. மாஸ்கோவிலிருந்து வரும் ஒலேனின் இவர்களுள் ஒருவனாக விரும்புகிறான்; மரியானாவோ இறுதிவரை அவனை ஏற்பதில்லை. கசாக்கு என்பது விரும்பி அடையும் நிலையாகத் தொடங்கியது. டால்ஸ்டாயின் காலத்திலோ பிறப்பால் மட்டுமே வாய்ப்பதாயிற்று. ஒலேனினின் தோல்வி இம்மாற்றத்தின் இலக்கிய வடிவம் எனலாம்.

ஷோலகோவின் 'அமைதியான டான்' நான்கு பகுதிகளாக 1928 முதல் 1940 வரை வெளிவந்தது. ஆசிரியர் டான் நிலத்தில் பிறந்தவராயினும் கசாக்குக் குடியினர் அல்லர். நாவல், போரிலிருந்து துருக்கியப் பெண் ஒருத்தியை மனைவியாக அழைத்துவரும் புரகோஃபியின் கதையோடு தொடங்குகிறது. அவன் பேரனே தலைமைமாந்தன் கிரிகோரி மெலெஹோவ். ஊரார் அக்குடும்பத்தைத் 'துருக்கியர்' என்றே அழைக்கின்றனர். துருக்கியச் சொல்லையே தம் பெயராகக் கொண்டோர் அண்டை வீட்டாரைத் துருக்கியர் என்று இகழ்வது நோக்கத்தக்கது. வெளியூரிலிருந்து வரும் புரட்சியாளன் ஒருவன், கசாக்குகள் ரஷ்யரிடமிருந்து வந்தோரே என்று கூறும்போது கேட்போர் ஏற்க மறுக்கின்றனர். 'முஜிக்', அதாவது ரஷ்ய உழவன், என்பது அவர்தம் வாயில் இழிசொல்லாகும்.

கசாக்குகளை வெளியிலிருந்து கண்டோரின் பதிவுகளும் உள. போலந்து ஆட்சிக்கு எதிராக 1648இல் பொக்தான் ஹ்மெல்னீத்ஸ்கி தலைமையில் எழுந்த போர் உக்ரேனிய நினைவில் விடுதலைப் போராகும். யூதரின் நினைவில் அது பெரும் படுகொலையாகும். நாதன் ஹன்னோவர் ஹீப்ரு மொழியில் எழுதி 1653இல் வெனிஸ் நகரில் வெளியிட்ட 'யேவென் மெத்சுலா' அப்படுகொலையின் பதிவு. 1920இல் செஞ்சேனையின் குதிரைப்படையோடு சென்ற ஐசக் பாபெல், 1926இல் நூலாக வெளியிட்ட 'குதிரைப்படை'யில் யூதக் கதைசொல்லி ஒருவனைக் கசாக்குகளின் நடுவே நிறுத்துகிறார். அச்சமும் வியப்பும் ஒரே பார்வையில் கலந்து நிற்பது அந்நூலின் தனித்தன்மையாகும்.

5. பெயரும் தண்டனையும்

ஒரு சொல்லின் பொருள் வரையறை உயிர்களைப் பறிக்கவல்லது என்பதற்கு 1919ஆம் ஆண்டு சான்றாகிறது. அவ்வாண்டு சனவரி 24ஆம் நாள் பொதுவுடைமைக் கட்சியின் மத்தியக் குழுவைச் சார்ந்த அமைப்புக் குழு சுற்றறிக்கை ஒன்றை விடுத்தது. செல்வமுடைய கசாக்குகள் மீதும், சோவியத்து ஆட்சிக்கு எதிரான போராட்டத்தில் நேரடியாகவோ மறைமுகமாகவோ பங்குகொண்ட கசாக்குகள் அனைவர் மீதும் பெருந்திரளான அடக்குமுறையை அது கட்டளையிட்டது. இக்கொள்கை 'ரஸ்கசாச்சிவானியெ' என வழங்கப்பெற்றது. நீக்கத்தை உணர்த்தும் முன்னொட்டைக் 'கசாக்கு' என்னும் அடியோடு சேர்த்து ஆக்கிய வினைப்பெயர் இது. 'கசாக்கு நீக்கம்' என்று இதனைப் பெயர்க்கலாம். கசாக்கு என்பது வெறும் சமூகப் படிநிலையாயின் அதனை நீக்குதல் சலுகைகளை நீக்குவதாகும். அது ஒரு மக்களின் பெயராயின் நீக்கப்படுவது மக்களே. சுற்றறிக்கை இவ்வேறுபாட்டைக் கருதவில்லை. டானின் சில பகுதிகளில் 'ஸ்தனீத்சா' என்னும் ஊர்ப்பெயர்ச் சொல்லை மாற்றி உழவர் பகுதிகளுக்குரிய 'வோலஸ்த்' என்பதைப் புகுத்தவும் முற்பட்டனர்.

மார்ச்சுத் திங்களில் மேல்டான் பகுதி கிளர்ந்தெழுந்தது. மார்ச்சு 16ஆம் நாள் சுற்றறிக்கையின் செயற்பாடு நிறுத்தப்பட்டது. இக்கிளர்ச்சியைப் பேசும் 'அமைதியான டான்' மூன்றாம் பகுதியின் இதழ்வழி வெளியீடு 1929இல் தடைப்பட்டு, 1932இல்தான் மீண்டும் தொடர்ந்தது. கசாக்குகள் செஞ்சேனையில் பணிபுரிவதற்கு இருந்த தடை 1936இல் நீக்கப்பட்டது.

சோவியத்து ஒன்றியம் 1991இல் கலைந்த பின்னர் கசாக்கு அமைப்புகள் மீண்டும் தோன்றின. 2002ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1,40,000 பேர் தம் இனம் கசாக்கு என்று பதிந்தனர்; 2010இல் அவ்வாறு பதிந்தோர் ஏறத்தாழ 67,600 பேர். இதற்கிடையே 2005இல் கசாக்குகளின் அரசுப்பணி குறித்த சட்டம் ரஷ்யாவில் இயற்றப்பட்டது. இனமா, பணியா என்னும் பழைய வினா இவ்விரு ஆவணங்களிலும் இரு விடைகளாகத் தொடர்கிறது.

6. மொழிபெயர்ப்பு நோக்கு

மேற்கூறியவற்றால் மொழிபெயர்ப்பாளருக்குச் சில சிக்கல்கள் எழுகின்றன.

முதலாவது, பெயரின் வடிவம். தமிழில் 'கசாக்' என்று எழுதினால் மத்திய ஆசிய மக்களோ டான் மக்களோ என்னும் மயக்கம் நேரும். ரஷ்ய எழுத்து ஈற்றில் காட்டும் வேறுபாட்டைத் தமிழ் எழுத்து காட்டுவதில்லை. டான், தெரெக் பகுதியினரைக் 'கசாக்கு' எனக் குற்றியலுகர ஈறு தந்தும், மத்திய ஆசிய மக்களைக் 'கசக்கர்' என்றும் எழுதி இம்மயக்கத்தை நீக்கலாம். கோகோல் 'தராஸ் புல்பா'வில் ஒகரம் பெற்ற வடிவையே எழுதியுள்ளார். ஆதலின் அக்கதையில் 'கொசாக்கு' என்பது பொருந்தும்.

இரண்டாவது, நிகரன்கள். 'குதிரைவீரன்' என்று பெயர்த்தால் குடும்பமும் நிலமும் ஊரும் மறைகின்றன. 'படைக்குடி' என்பது 1835க்குப் பிந்திய நிலைக்குப் பொருந்தும். ராசினின் காலத்திற்குப் பொருந்தாது. 'நாடோடி' என்பது தொடக்க நிலைக்கு ஓரளவு பொருந்தினும் மெலெஹோவ் குடும்பம் உழுதுண்டு வாழ்ந்தது. ஒரு நிகரனைத் தேர்தல் ஒரு காலத்தைத் தேர்தலாகும். எனவே ஒலிபெயர்ப்பே ஏற்றது. விளக்கத்தைச் சூழலே தரவேண்டும்.

மூன்றாவது, ஒரே சொல்லின் வட்டார வேறுபாடு. 'குரேன்' என்பது கோகோலில் சபரோஷியப் படையின் உட்பிரிவையும் அதன் உறைவிடத்தையும் குறிக்கும். ஷோலகோவில் டான் கசாக்கின் வீட்டைக் குறிக்கும். ஒரு நூலுக்கு ஆக்கிய சொற்பட்டியலை மற்றொரு நூலுக்குப் பயன்படுத்தினால் படைப்பிரிவில் அடுப்பெரியும்; வீட்டில் அணிவகுப்பு நடக்கும்.

நான்காவது, கருத்துச் சொற்கள். ரஷ்ய மொழியில் சுதந்திரத்தைக் குறிக்க 'ஸ்வபோதா', 'வோல்யா' என இரு சொற்கள் உள்ளன. 'வோல்யா' என்பது விருப்பாற்றலையும் குறிக்கும். எல்லையற்ற வெளியில் தன் மனம்போல் வாழும் நிலையை உணர்த்தும். கசாக்குகளைப் பற்றிய எழுத்தில் இதுவே முதன்மை பெறுகிறது. இரண்டையும் 'சுதந்திரம்' என்றே பெயர்த்தால், சட்டம் தரும் உரிமைக்கும் சட்டத்திற்கு முந்திய கட்டின்மைக்கும் உள்ள வேறுபாடு மறைந்துவிடும். 'வோல்யா'வுக்குத் 'தன்போக்கு', 'கட்டற்ற வாழ்வு' முதலியவற்றை இடம்நோக்கி ஆளலாம்.

ஐந்தாவது, வட்டார வழக்கும் பதிப்பும். ஷோலகோவின் நாவலில் உரையாடல் மட்டுமன்றி ஆசிரியர் கூற்றும் டான் வழக்குச் சொற்களைக் கொண்டது. அவ்வழக்கின் சொற்களை ஏ. வி. மிர்த்தோவ் 1929இல் 'டான் அகராதி'யாகத் தொகுத்தார். ஆனால் 1930களின் பதிப்புகளில் இச்சொற்கள் பல குறைக்கப்பட்டன. 1953ஆம் ஆண்டுப் பதிப்பு மிகுதியான திருத்தங்களுக்கு உள்ளானது. 1956ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கப்பட்டவற்றுள் பல மீண்டும் சேர்க்கப்பட்டன. ஸ்டீபன் கேரியின் 1934ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்போ சுருக்கப்பட்டது. அதன் வழித் தமிழுக்கு வரும் நாவல் இருமுறை சுருங்கியதாகும். கசாக்குப் பேச்சைத் தமிழின் ஏதேனும் ஒரு வட்டார வழக்கில் முழுமையாகப் பெயர்த்தால் டான் கரை தமிழகத்து ஊராகிவிடும். முற்றிலும் எழுத்து வழக்கில் பெயர்த்தால் உழவனும் அரசு ஆணையும் ஒரே குரலில் பேசும். உரையாடலில் வட்டார முத்திரை அழுந்தாத பொதுப் பேச்சுத்தமிழையும், 'ஸ்தனீத்சா', 'ஹூத்தர்', 'குரேன்' போன்ற நிறுவனச் சொற்களில் மூலவடிவையும் கையாளுதல் நடைமுறைக்கு ஏற்ற வழியாகும்.

7. முடிவுரை

கட்டற்றவன் என்னும் பொருளில் தோன்றிய ஒரு துருக்கியச் சொல், ஸ்லாவிய மொழி பேசும் மக்களின் தன்பெயராகி, பேரரசின் சட்டத்தில் படைக்குடியின் பெயராகி, 1919இல் குற்றப்பட்டியலின் பெயராகியது. ஒவ்வொரு நிலையிலும் முந்தைய பொருள் முற்றிலும் அழியாமல் அடியில் தங்கியது. இலக்கியம் இவ்வடிப்பொருள்களைக் காத்து வந்தது. ஆறுகளுக்கும் ஊர்களுக்கும் பெயர் மாற்றிய அரசுகளால் இச்சொல்லின் பழைய பொருள்களை அழிக்க இயலவில்லை.

புஷ்கினின் நூற்பெயரில் பேரரசர் செய்த மாற்றம் ஒரு சொல் அளவினதே. தம் மேசைமீதுள்ள பனுவலில் 'கசாக்கு' என்னும் சொல்லைக் காணும் மொழிபெயர்ப்பாளர் செய்யும் தேர்வும் ஒரு சொல் அளவினதே. அது எந்நூற்றாண்டின் கசாக்கு, எந்த ஆற்றங்கரையின் கசாக்கு, யாருடைய வாயிலிருந்து வரும் பெயர் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே அத்தேர்வு செய்யப்படவேண்டும்.